விண்டோஸுக்குள் ஒரு ஆள் இருக்கிறான்

மாணிக்கராஜுக்கும் ஐடாவுக்கும் நிச்சயம் ஆனபோது இரண்டு வீட்டாரும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள். அது ஹால்.

மாப்பிள்ளையின் அம்மா பார்வதம்மா சர்ச் படி ஏறமாட்டேன் என்றாள். பெண்ணின் அப்பா ஆர்தர், கோயில் மண்டபத்தில் பிரியாணி போட விடமாட்டார்கள், பிரியாணி இல்லாத கல்யாணத்தைக் கர்த்தரே செல்லாது என்று சொல்லிவிடுவார் என்றார். மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில், சாமியும் இல்லாத, சிலுவையும் இல்லாத, நாலு சுவரும் ஒரு மேடையும் மட்டும் உள்ள இடம் ஒன்று தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருக்கிறது என்று ஐடாதான் கண்டுபிடித்தாள். தொழிலாளர் வீட்டு வரிசையான ஐந்தாம் லைனில் உள்ள ஊழியர் நல நிலையம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதன் ஹாலைப் பதிவு செய்தார்கள்.

"ஹால் இருந்தா கல்யாணம்" என்றாள் பார்வதம்மா.

"ஹால் இல்லன்னா பேச்சு மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார் ஆர்தர்.

சம்பந்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இது 2001. சுரங்கத்தை மூடிய வருஷம். மூடியதால் கேப்டன்களுக்கு இறக்க ஆள் இல்லை, சேஃப்டி ஆபீசர்களுக்குக் காப்பாற்ற ஆள் இல்லை. இப்படி மிஞ்சிப்போன பெரியவர்கள் சேர்ந்து நல நிலையத்தின் கமிட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கேப்டன் ரிச்சர்ட். பட்டாளத்துக் கேப்டன் இல்லை, பூமிக்கடியில் ஷிப்ட் நடத்திய கேப்டன். செயலாளர் தங்கவேலு, முன்னாள் சேஃப்டி ஆபீசர். அவர் பதவிக்கு வந்ததும் நிலையத்துத் தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி வைத்தார். முதல் வாளி தீப்பிடித்தால் அணைப்பதற்கு.

நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. அதில் முதலில் விண்டோஸ் ஓடியது. ஹால் பதிவையெல்லாம் கிளார்க் மம்தா அதில்தான் அடித்து வைப்பாள். பிறகு தங்கவேலுவின் மருமகன் பெங்களூரிலிருந்து வந்தான். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது மாமா, இலவசம், வைரஸ் வராது என்றான். வைரஸ் வராது என்று கேட்டதும் சேஃப்டி ஆபீசருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்தான். ஒரு பாகத்தில் விண்டோஸ் அப்படியே இருந்தது. இன்னொன்றில் லினக்ஸை ஏற்றினான். ஆன் செய்தால் எதற்குள் போகவேண்டும் என்று கம்ப்யூட்டரே கேட்கும்படி வைத்தான்.

"மூடின மைனோட ஷாப்ட்டுக் குழி வாய தெறந்து வெக்கறதா? யாராவது உழுந்துட்டா?" என்றார் தங்கவேலு.

மருமகன் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டான். ஆன் செய்தால் நேராக லினக்ஸ். விண்டோஸ் முறைப்படி மூடப்பட்டது. மானிட்டருக்கு மாலை போட்டார்கள். கேப்டன் ரிச்சர்ட், "இந்த விண்டோஸ் நம்மள வாழ வெச்ச விண்டோஸ்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். மருமகன் அடுத்த வாரம் ஆஸ்திரேலியா போய்விட்டான்.

இதெல்லாம் மாணிக்கராஜுக்குத் தெரியாது. அவன் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கம்ப்யூட்டர் கடையில் அசெம்பிள் செய்துவிட்டு, ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே திரும்புகிறவன். கல்யாணம் நெருங்கும்போது, சாமியானாக்காரரை எப்போது வரச்சொல்வது என்று கேட்க ஒருநாள் நிலையத்துக்குப் போனான். வாசலில் போர்டு தொங்கியது. அதே ஞாயிறு, அதே ஹால். 'நிலையம் கணினிமயமான வெற்றி விழா. அனைவரும் வருக.'

"மம்தாக்கா, இன்னாக்கா இது? அன்னிக்கு எங்க கல்யாணம்!"

"கொத்துப்பா, தெரியும். நான்தானே டைப் பண்ணேன். உன் பேரு, ஐடா பேரு, சேர், பாத்திரம், எல்லாம்."

"அப்புறம்?"

"அது கீழ கீது."

"எந்தக் கீழ?"

மம்தா கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டினாள். "விண்டோஸ்ல. அத்த மூடிட்டாங்க. லினக்ஸ்ல பாத்தா அந்த ஞாயித்துக்கெழமை காலியா கீது. காலியா கீதேன்னு கமிட்டியே எடுத்துகிச்சு."

"உங்களுக்கு ஞாபகம் கீது இல்ல? அவங்களாண்ட சொல்லுங்க."

"சொல்லாம இருப்பேனா? 'ஞாபகம் வெச்சிக்கறது உன் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா'ன்னு செகரட்டரி கேட்டாரு. நான் சும்னே வந்துட்டேன்."

மாணிக்கராஜுக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. ஒரே வீட்டை நடுவில் தடுத்து இரண்டு குடித்தனம் வைத்த மாதிரிதான் இந்த டிஸ்க். தடுப்பில் கதவு உண்டு. லினக்ஸில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால் விண்டோஸ் பக்கம் திறந்துகொள்ளும். மவுண்ட் செய்வது என்று பெயர். கடையில் தினமும் செய்கிற வேலை. அவன் நேராகத் தங்கவேலுவிடம் போனான்.

"ரெண்டு நிமிஷ வேலை சார்."

"ரெண்டு நிமிஷம்னு சொல்லிகினு எறங்கினவங்களைத்தான் நான் ரெண்டு நாளு தேடியிருக்கேன்" என்றார் தங்கவேலு. "உக்காரு. வெளக்கமா சொல்லு."

சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அதாவது நீ இந்த மைன்ல எறங்கற. உள்ளாறவே செவுத்த குடைஞ்சிகினு அந்த மைனுக்குப் போற."

"மைன் இல்ல சார். பார்ட்டிஷன்."

"நந்திதுர்க் மைன்ல எறங்கினவன் மைசூர் மைன்ஸ்ல ஏறலாமா?"

"கூடாது சார்."

"ஏன் கூடாது?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ஆனா கூடாது. அதான் ரூல்."

அதோடு விடவில்லை. மூடின இடத்தில் விஷக்காற்று தேங்கும் என்று, அலமாரியிலிருந்து பழைய சுரங்க விளக்கை எடுத்துப் பற்றவைத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் விசிறி சுற்றுகிற ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். சுடர் ஆடியது. "காத்தோட்டம் கீது" என்றார் திருப்தியாக. பிறகு மாணிக்கராஜின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஆபத்து இருக்கற எடத்துல பாதுகாப்பு எவன் வேணும்னாலும் குடுப்பான். ஆபத்தே இல்லாத எடத்துல குடுக்கறதுக்குத்தான் என்ன மாதிரி அனுபவம் வேணும். நான் சர்வீஸ்ல போட்ட ஒரு கையெழுத்தால ஒருத்தருக்கும் கெட்டது நடந்தது இல்ல. நல்லதும் நடந்தது இல்ல. அப்படி ஒரு ரெக்கார்டு வேற யாராண்டயும் கெடையாது."

கமிட்டி கூடி, மாணிக்கராஜ் சனிக்கிழமை காலை விண்டோஸுக்குள் இறங்கலாம், ஆனால் பார்வையிட மட்டும் என்று முடிவு செய்தது.

அதற்குள் செய்தி லைன் முழுக்கப் பரவியது. பார்வதம்மா சோறு போடும்போது, "மாரியம்மன் கோயில் மண்டபம் அன்னிக்குக் காலியாம். சும்மா சொன்னேன்" என்றாள். அங்கே ஆர்தர் பாஸ்டரைப் பார்த்து சர்ச் ஹாலைப் பற்றிச் சும்மா விசாரித்துவிட்டு வந்தார்.

ராபர்ட்சன்பேட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற ஐடாவுக்கு வார்த்தையைச் சுற்றி வளைக்கத் தெரியாது. "உங்கம்மா சும்மா சொல்ல ஆரம்பிச்சிட்டாங்களா? எங்க டாடியும் சும்மாதான் சொல்லிகினு கீறாரு. ரெண்டு சும்மாவும் சேந்துச்சுன்னா நம்ம கல்யாணம் அவ்ளோதான். சனிக்கெழமை நானும் வரேன்."

சனிக்கிழமை காலை நிலையம் அமர்க்களமாக இருந்தது. மாணிக்கராஜுக்கு விளக்கு வைத்த ஹெல்மெட் மாட்டினார்கள். சட்டைப்பையில் இருந்த பேனா, சீப்பு, ஒரு பிளாப்பி எல்லாவற்றையும் தங்கவேலு வாங்கி வைத்துக்கொண்டார். "போறப்ப சோதனை, வர்றப்ப சோதனை. தங்கம் எடுத்த ஊரு இது." சுவரில் ஒரு கரும்பலகை. அதில் 'கீழே' என்று தலைப்புப் போட்டு, மாணிக்கராஜின் பெயரைச் சாக்பீஸால் எழுதினார். கேப்டன் ரிச்சர்ட் வெள்ளைச் சட்டையில் வந்து அவன் கையைக் குலுக்கினார்.

"பயமா கீதா?"

"இல்ல சார்."

"பயப்படணும். பயப்படாதவன் திரும்பி வந்தது இல்ல."

விண்டோஸ் பக்கத்தைத் திறக்க லினக்ஸின் பெரிய பாஸ்வேர்டு வேண்டும். பாதுகாப்புக்காக அதை இரண்டாக வெட்டி, முதல் பாதியைக் கேப்டனும் இரண்டாம் பாதியைச் செயலாளரும் வைத்திருந்தார்கள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். நின்றார்கள். கேப்டன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கிடைத்த எழுத்தை உரக்கச் சொல்லிச் சொல்லி அடித்தார். முதல் பாதி ரோட்டில் போன பால்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்துத் தங்கவேலு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மம்தா," என்றார், "என் பாதி இன்னா?"

மம்தா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

தங்கவேலு மணி அடித்தார். ஆள் இறக்கும் கூண்டு, கேஜ், இறங்குகிறது என்பதற்கான மணி. மாணிக்கராஜ் ஒரு வரி அடித்தான். விண்டோஸ் பக்கம் திறந்துகொண்டது. அந்தக் கதவு வழியாக உள்ளே போனான், மம்தாவின் கோப்பைத் தேடினான், திறந்தான். திரையில் பளிச்சென்று தெரிந்தது: ஞாயிறு, ஹால் முழுவதும், மாணிக்கராஜ், ஐடா, கல்யாணம்.

"நோடி சார், பாருங்க, நான் சொல்லல?" என்றாள் மம்தா.

கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "கீது. பேரு கீது."

"அப்போ ஹால் எங்களுக்குத்தானே அங்கிள்?" என்றாள் ஐடா.

தங்கவேலு இருமினார். "பாத்தாச்சு. பார்வையிடல் முடிஞ்சிது. ஆனா பாக்கறது வேற, வெட்டி மேல எடுத்துகினு வர்றது வேற. கீழ கீற தங்கத்தை வெச்சி மேல நகை செய்ய முடியுமாம்மா? இந்தப் பதிவு மேல, லினக்ஸ்ல வந்தாத்தான் செல்லும். அதுக்குத் தனி பெர்மிட். அடுத்த மாசக் கூட்டத்துல வெக்கறேன்."

"அடுத்த மாசம் ஹால வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

"காலியா இருந்தா தரோம். நீ மேல வாப்பா."

மாணிக்கராஜ் ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அம்மாவின் சும்மா ஒரு பக்கம், மாமனாரின் சும்மா இன்னொரு பக்கம் அவன் கண்ணில் ஓடியது. பிறகு கதவைச் சாத்துகிற வரியை அடித்தான். கம்ப்யூட்டர் மறுத்தது. டிவைஸ் ஈஸ் பிஸி என்றது.

"இன்னா சொல்லுது அது?" என்றார் தங்கவேலு.

"ஒன்னும் இல்ல சார். மூட முடியாதாம். உள்ள இன்னும் யாரோ வேலை செஞ்சிகினு இருந்தா இப்படிச் சொல்லும்."

அவன் உண்மையைத்தான் சொன்னான். அறைக்குள் நின்றுகொண்டே கதவைச் சாத்தினால் இப்படித்தான் ஆகும். ஒரு அடி பின்னால் வந்து சாத்தவேண்டும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கேப்டன் ரிச்சர்டின் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தினி பேர் எறங்கினீங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"நீ இங்க கீற. அப்போ கீழ யாரு?"

"சார், அது வந்து..."

"தங்கவேலு! சங்கு!"

சுரங்கம் மூடியபோது நிலையம் ஏலத்தில் எடுத்த, சுரங்க விபத்துக்கு ஊதும் கைச்சங்கு ஒன்று வராந்தாவில் இருந்தது. தங்கவேலு ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மனைவி மக்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சங்கு கோரமண்டல் முழுக்க ஊளையிட்டது.

அந்தச் சத்தத்துக்கு இந்த ஊரில் யாரும் யோசிப்பதில்லை. சுரங்கமே இல்லையே, இப்போது யார் சிக்குவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கால் தானாக ஓடியது. லைன் லைனாக ஜனங்கள் வந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸ் கொண்டுவந்தார்கள். பார்வதம்மா கையில் அரிசிமாவோடு வந்தாள். ஆர்தர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு வந்தார்.

"யாரு? உள்ள யாரு?"

"மாணிக்கராஜாம். போர்டுல பேரு கீதாம்."

"ஐயோ, எம்புள்ள!"

உள்ளே கேப்டன் ரிச்சர்ட் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "என் ஷிப்ட்ல ஒரு ஆளக்கூட கீழ விட்டுட்டு நான் மேல வந்தது இல்ல. எல்லாரும் மேல வர்ற வரைக்கும் இந்தக் கட்டடத்துல விழா கெடையாது, கல்யாணம் கெடையாது. ஒரு மாசம் ஆனாலும் சரி."

மாணிக்கராஜ் பதறிப்போய் அந்த ஒரு அடியைப் பின்னால் வைக்கக் கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனான். ஐடா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேப்டன் அங்கிள், கீழ யாருன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"போர்டுதான். பேரு கீழ இருந்தா ஆள் கீழ. ஆள் வீட்டுல தூங்கிகினு இருந்தாலும் சரி, பேரு மேல வர்ற வரைக்கும் அவன் கீழதான்."

"கம்ப்யூட்டர் உள்ள யார் பேரு கீது? படிங்க."

கேப்டன் குனிந்து படித்தார். "மாணிக்கராஜ். ஐடா."

"அப்போ ரெண்டு பேர் கீழ கீறோம் அங்கிள்."

கேப்டன் ஐடாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நீ எப்பம்மா எறங்கின?"

"புக் பண்ண அன்னிக்கே. மம்தாக்காதான் எறக்கினாங்க. உள்ள இருக்கச்சேயே மூடிட்டீங்க."

"பேரோட மூடிட்டோமா?" கேப்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பூ போட்டு வேற மூடினோமே! தங்கவேலு, எடு! ரெண்டு பேரையும் மேல எடு!"

சங்கு சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டு வந்த தங்கவேலு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எடுக்கலாம் கேப்டன். ஆனா பதிவை மேல எடுக்கணும்னா பெர்மிட்டு, கூட்டம்..."

"யோவ், ஆள் எடுக்கறதுக்கு எந்தக் காலத்துலய்யா பெர்மிட் கேட்டோம்?"

தங்கவேலு யோசித்தார். தன் சர்வீஸ் முழுவதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. "இல்ல" என்றார் மெதுவாக. "ரெஸ்க்யூவுக்குப் பெர்மிட் கெடையாது. அதுவும் ரூல்தான்."

மாணிக்கராஜ் பதிவை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு எடுக்கும் வரியை அடித்தான். கடைசி என்டரைக் கேப்டனே தன் விரலால் அழுத்தினார். லினக்ஸ் பக்கத்தில், அந்தக் காலி ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு பெயரும் வந்து உட்கார்ந்தன. மாணிக்கராஜ் ஒரு அடி பின்னால் வந்து கதவைச் சாத்தினான். திரை ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா, ஒன்னும் சொல்லலியே?" என்றார் தங்கவேலு.

"எல்லாம் சரியா நடந்தா அது ஒன்னும் சொல்லாது சார்."

கேப்டனும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரியா நடந்தா சொல்லாதா?" என்றார் தங்கவேலு கவலையோடு. "அப்போ நமக்கு எப்படி மாலை போடுவாங்க?"

மம்தா போய் விழா போர்டைக் கழற்றினாள். கேப்டன் கதவைத் திறந்து படியில் நின்று, "ரெண்டு பேரும் மேல வந்துட்டாங்க!" என்று கத்தினார். கூட்டம் கைதட்டியது. சில பெண்கள் அழுதார்கள். வெளியே வந்த மாணிக்கராஜைத் தூக்கப் போனவர்களைத் தங்கவேலு தடுத்து, அவன் பையிலும் இடுப்பிலும் தடவிச் சோதித்துவிட்டு அப்புறம் விட்டார்.

ஐடா அப்பாவைத் தேடினாள். கேட்டுக்குப் பக்கத்தில், ஆர்தரின் கையைப் பார்வதம்மா மாவுக்கையோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோப்பு நுரை காய்ந்த கன்னத்தில் ஆர்தருக்குக் கண்ணீர் வழிந்தது.

"ஏம்மா, மாரியாத்தாவுக்கு வேண்டிகினேன்" என்றார். "கோயில்லயே வெச்சிக்கலாம். பிரியாணி எங்க போயிடப்போவுது?"

"அது எப்படிங்க?" என்றாள் பார்வதம்மா. "நான் உங்க கர்த்தரத்தான் கூப்ட்டேன். சர்ச்லதான் கல்யாணம்."

"இல்லம்மா, கோயில்தான். நான் வாக்கு குடுத்துட்டேன்."

"நான் மட்டும் குடுக்கலியா? சர்ச்னா சர்ச்தான். எம்புள்ள கல்யாணம், நான் சொல்றன்."

"எம் பொண்ணு கல்யாணம்மா அது! கோயில்ல இல்லன்னா பேச்சு மறுபடியும் மொதல்லேர்ந்து!"

பிடித்திருந்த கையை இருவரும் விட்டுவிட்டார்கள். ஐடா திரும்பி நிலையத்தைப் பார்த்து ஓடினாள்.

"மம்தாக்கா! பூட்டிடாதீங்கக்கா! ஹால் வேணும்!"